கோலும் சொல்லும்

தை மாதத்திலே ஒரு நாள் மாலை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். பாலபண்டித வகுப்பில் இரண்டாண்டு என்னிடம் நன்னூலும் சிலப்பதிகாரமும் பாடங்கேட்டவர். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் பொலிஸ் சேவைக்குத் தெரிவாகிப் போய்விட்டார். அன்று அது எனக்குச் சிறிது மனக்குறைதான். இன்று அவர் தென்னிலங்கையிலே ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். சீருடை இல்லாமல், வேட்டியும் சால்வையுமாக வந்திருந்தார்.

தேநீர் அருந்தி முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நம்முடைய பழைய நூல்களிலே என்னைப் போன்றவன் எங்கே இருக்கிறான்?"

தமிழாசிரியனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் வேறென்ன வேண்டும்? மதுரைக்காஞ்சியை எடுத்துக்கொண்டேன். மழை பெய்து தேரோடும் தெருவிலே நீர் திரண்டு ஓடுகின்ற நள்ளிரவிலும் சோம்பாது எழுந்து, வில்லும் கணையுமாகத் திரிந்து, கள்வருடைய ஒளிப்பிடங்களை அறிந்து காவல் செய்கின்ற ஊர்காப்பாளரைப் பற்றி அரைமணி நேரம் சொன்னேன். அவர் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பழைய மாணவர்களிடத்தில் இந்தப் பொறுமை எஞ்சியிருப்பது ஆசிரியர்களின் பாக்கியம்.

"கள்வனைப் பிடிப்பது வேறு, ஐயா," என்றார் பின்னர். "நான் கேட்பது கள்வரல்லாத ஆயிரம் பேர் கோபத்தோடு எதிரே வரும்போது நடுவிலே நிற்கிறவனைப் பற்றி."

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. அவரே தொடர்ந்தார். 2022ஆம் ஆண்டிலே, நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில், ஒரு சிறு நகரத்து எரிபொருள் நிலையத்தின் வாயிலில் அவரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். சனங்கள் மூன்று நாளாக வரிசையிலே கிடந்தார்கள். பவுசர் வரவில்லை. வருமென்று சொன்ன நேரமும் கடந்துவிட்டது.

"அவர்களுடைய கோபத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை, ஐயா. என் வீட்டிலும் எரிவாயு இல்லை. மனைவி விறகடுப்பில்தான் சமைத்தாள். என் மோட்டார்ச் சைக்கிளிலும் எண்ணெய் இல்லை. ஆனால் நான் வாயிலுக்கு உள்ளே முதுகையும் அவர்களுக்கு முகத்தையும் காட்டி நின்றேன். பிறகு கல் வந்தது. எனக்கு அருகில் நின்ற கொன்ஸ்தாபிளின் நெற்றி வெடித்தது. கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஓடினோம். ஓர் இளைஞன் என் காலடியில் இடறி விழுந்தான். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். என் கையிலே தடி ஓங்கியபடி இருந்தது."

அவ்வளவில் நிறுத்திவிட்டார். அடித்தீரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சற்று நேரஞ் சென்று, "அந்த வேளையில் காதுக்குள் ஏதேனும் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும், ஐயா. ஒன்றும் கேட்கவில்லை," என்றார்.

அவர் போனபின்பும் அந்த வாக்கியம் விறாந்தையில் இருந்துகொண்டே இருந்தது. கேட்டிருக்க வேண்டிய அந்தச் சொல் எத்தகையது? அதனை யார் சொல்லியிருக்க வேண்டும்? முன்னர் எங்கேனும் எவரேனும் சொன்னதுண்டா? இதனைத் தேடிப் போனபோதுதான் பாரிஸ் நகரத்துப் பொலிஸ் அதிபர்கள் இருவரைப் பற்றி அறிய நேர்ந்தது. பிரெஞ்சு மொழி நான் அறியேன். ஆங்கில வாயிலாகவும், அகராதியின் துணையோடும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகின்றேன்.

பாரிஸ் நகரிலே தெருவில் நிற்கும் சாதாரண பொலிஸ்காரனுக்கு வழங்கும் பதவிப்பெயர், நம்முடைய மொழியிற் சொன்னால், அமைதிக் காவலன் என்பது. சட்டத்தின் காவலன் என்றோ அரசின் காவலன் என்றோ அவனை அழைக்கவில்லை. பெயர் வைத்தவர் பொருளறிந்து வைத்தார் போலும். ஆயின் பெயர் ஒன்றும் நடை ஒன்றுமாக இருப்பது உலகத்திலே புதிதன்று.

முதலாவது அதிபர் மோறிஸ் பப்போன் என்பவர். 1958 முதல் 1967இன் தொடக்கம் வரை பாரிஸ் பொலிஸை ஆண்டவர். அல்ஜீரிய விடுதலைப் போரின் இறுதிக் காலம் அது. அல்ஜீரியாவில் நடந்த போர் பாரிஸ் தெருக்களுக்கும் வந்திருந்தது. 1961ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விடுதலை முன்னணியைச் சேர்ந்தவர்கள் பொலிஸாரைச் சுட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். தெருமுனையில் நிற்பவன் மாலையில் வீடு திரும்புவானோ என்று மனைவிமார் அஞ்சியிருந்த காலம். இதனை மறைத்துவிட்டுக் கதை சொல்வது நேர்மையாகாது. அந்த ஒக்டோபர் 2ஆம் திகதி, கொல்லப்பட்ட ஒரு பொலிஸ்காரனுடைய இறுதிச்சடங்கிலே, துயரமும் ஆத்திரமும் நிறைந்து நின்ற சகாக்களின் முன்னிலையில் பப்போன் பேசினார். நமக்கு ஓர் அடி விழுந்தால் நாம் பத்து அடி கொடுப்போம் என்பது அவர் சொன்னதன் கருத்து.

இலக்கண ஆசிரியன் என்ற முறையிலே இங்கே சற்று நிற்க விரும்புகின்றேன். ‘கொடுப்போம்’ என்பது தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்று. அஃது ஏவல் அன்று, வியங்கோளும் அன்று. நாளை ஒரு விசாரணை வந்தால், நான் எவரையும் அடிக்கும்படி ஏவவில்லை என்று சொல்லலாம்; இலக்கணமும் அவருக்குச் சாட்சி சொல்லும். ஆனால் சவப்பெட்டியின் அருகே நின்று கேட்டவர்களுடைய செவியில் அது தன்மைப் பன்மையாகப் போய் விழவில்லை. ஏவலாகவே போய் விழுந்தது. மேலும் அந்த ‘நாம்’ என்பது கேட்பவரையும் உளப்படுத்திய தன்மை. தலைவன் தன்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். இனித் தனியொருவன்மேற் பழி இல்லை என்ற துணிவையும் அது கொடுத்துவிட்டது.

மூன்று நாளுக்குப் பின், ஒக்டோபர் 5ஆம் திகதி, அல்ஜீரிய முஸ்லிம்கள் இரவு எட்டரை மணிமுதல் காலை ஐந்தரை மணிவரை வெளியே நடமாடக்கூடாது என்ற அறிவித்தல் வந்தது. அதனை எதிர்த்து 17ஆம் திகதி இரவு பல்லாயிரம் அல்ஜீரியர்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, பாரிஸின் பெருவீதிகளுக்கு நடந்து வந்தார்கள். ஆயுதம் எதுவும் கொண்டுவரலாகாது என்று அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டிருந்தது. அவ்விரவிலே பொலிஸ் வானொலியில் ஒரு செய்தி ஓடியது. சகாக்கள் சிலர் அல்ஜீரியரால் சுடப்பட்டு இறந்துவிட்டார்கள் என்று. அது பொய். ஒருவரும் சுடப்படவில்லை. பொய்யென்று தெரிவதற்குள் நடக்கவேண்டியவை நடந்துவிட்டன. அன்றிரவு 11,000 பேருக்கு மேற்பட்டோர் பிடிபட்டார்கள். பலர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். செயின் ஆற்றிலே வீசப்பட்டார்கள். அரசாங்கம் அப்போது ஒப்புக்கொண்டது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மாத்திரமே. வரலாற்றாசிரியர்களின் கணக்குப் பல பத்துப் பேரில் தொடங்கி இருநூறுக்கு மேலும் போகின்றது. நாலு மாதம் கழித்து, 1962 பெப்ரவரி 8ஆம் திகதி, ஷரோன் என்னும் சுரங்கப் புகையிரத நிலையத்துப் படிகளிலே, கலைந்துகொண்டிருந்த ஓர் ஊர்வலத்தின்மேற் பொலிஸார் பாய்ந்ததனால் ஒன்பது பேர் இறந்தார்கள்.

செயின் ஆற்றின் சாங் மிஷேல் பாலத்திலே இறந்தோர் நினைவாக ஒரு பலகை பதிக்கப்பட்டது 2001ஆம் ஆண்டில். நாற்பது ஆண்டு கழித்து! 2012இல் ஒரு குடியரசுத் தலைவரும், 2021இல் இன்னொருவரும் அந்த இரவினை ஒப்புக்கொண்டு பேசினார்கள். பப்போன், 1998இலே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர்டோ நகரத்து யூதர்களை நாடுகடத்துதற்கு உடந்தையாக இருந்தார் என்று தண்டிக்கப்பட்டார். 1961ஆம் ஆண்டு ஒக்டோபர் இரவுக்காக அவர் எந்த மன்றிலும் தண்டனை பெறவில்லை.

இரண்டாவது அதிபர் மோறிஸ் கிறிமோ. முன்னவர் போன ஆசனத்தில் 1967இல் அமர்ந்தவர். இருவருக்கும் முதற்பெயர் ஒன்றாய் அமைந்தது தற்செயல். ஆனால் இருவருக்கும் கீழே நின்ற ஆட்களிற் பலர் ஒருவரே என்பது தற்செயல் அன்று. அதிலேதான் இக்கதையின் உயிர் இருக்கின்றது. 1961இலே பாலத்தில் நின்ற காவலன் 1968இலும் அதே சீருடையில், அதே தடியோடு, அதே நகரத்தில் நின்றான்.

கிறிமோ இளமையில் இலக்கியம் பயின்றவர். மாணவர்கள் நிறைந்த இலத்தீன் வட்டாரத்திலே தாமும் ஒருகாலத்தில் மாணவராகத் திரிந்தவர். 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஏறத்தாழ என் வயது. மே 3ஆம் திகதி, சோர்பொன் பல்கலைக்கழக முற்றத்திற் கூடியிருந்த மாணவர்களை வெளியேற்றும்படி அதன் தலைவர் வேண்ட, பொலிஸார் உள்ளே புகுந்தார்கள். அன்று மாலையே தெருவிற் கலகம். 10ஆம் திகதி இரவு கே லுசாக் வீதியிலும் அயல் வீதிகளிலும் மாணவர்கள் தெருவிலே பதித்திருந்த கருங்கற்களைப் பெயர்த்துத் தடைச்சுவர்கள் எழுப்பினார்கள். மோட்டார் வண்டிகளைக் கவிழ்த்து அவற்றோடு சேர்த்தார்கள்.

அந்த இரவைப் பொலிஸ்காரனுடைய பக்கத்திலிருந்து எண்ணிப் பார்க்கவேண்டும். எழுதுகின்றவர்கள் பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்தே எண்ணியிருக்கின்றார்கள். எழுத்தறிவு அந்தப் பக்கத்தில் மிகுதியாக இருந்ததும் ஒரு காரணம். கண்முன்னே சுவர் எழும்புகின்றது. அது உயர உயரப் பின்னர் அதனைத் தாண்டும்போது விழப்போகும் கல்லும் உயர்கின்றது என்பது நிற்கிறவனுக்குத் தெரியும். ஆனால் கலைக்கும் உத்தரவு வரவில்லை. மாணவர் பக்கத்துத் தலைவர் ஒருவரும் பல்கலைக்கழக அதிகாரி ஒருவரும் வானொலியிலே, நாடே கேட்க, சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரதம மந்திரி பொம்பிடு ஆப்கானிஸ்தானத்தில் இருந்தார். இரவு இரண்டு மணிக்குப் பின்னரே உத்தரவு வந்தது. கண்ணீர்ப்புகையும் கல்லும் தீயுமாக விடியும்வரை அது நடந்தது. இரு பக்கத்திலும் காயமடைந்தவர்கள் நூற்றுக்கணக்கினர்.

மறுநாள் இரவு பிரதம மந்திரி திரும்பி வந்தார். வந்ததும் சோர்பொன்னைத் திறப்பதாக அறிவித்தார். மாணவருடைய கோரிக்கைகளுக்கு இணங்கினார். அரசியல் நோக்கில் அது விவேகமாக இருக்கலாம். ஆனால் முதல்நாள் இரவு அந்தக் கோரிக்கைகளுக்கு இணங்காமல் இருப்பதற்காகக் கல்லடி பட்டவன் என்ன நினைப்பான்? பொலிஸ் சங்கங்கள் மனம் புண்பட்டு வெளிப்படையாகவே முறையிட்டன. ஏவியவர்கள் தங்களைக் கைவிட்டார்கள் என்பதே அவர்களுடைய குறை. நியாயமான குறை என்பது என் எண்ணம். கோபங்கொண்ட மக்கள் ஒரு புறம், கொள்கை மாறும் அரசு மறுபுறம். இடையில் நிற்பவனுக்கு இரண்டு பக்கத்திலும் முகம் இல்லை.

அதே ஆண்டு மார்ச் 1ஆம் திகதி உரோமாபுரியிலே வாலே ஜூலியா என்னுமிடத்தில் மாணவரும் பொலிஸாரும் மோதிக்கொண்டனர். அதனைக் கண்ட இத்தாலியக் கவிஞர் பாசோலினி, இடதுசாரியாக இருந்தும், என் அனுதாபம் பொலிஸார்பால் என்ற கருத்தோடு ஒரு கவிதை வெளியிட்டார். மாணவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள், பொலிஸ்காரரோ ஏழைகளின் பிள்ளைகள் என்பது அவருடைய வாதம். நண்பர்களெல்லாம் அவர்மேற் சினந்தார்கள். அவர் சொன்னதிற் பாதி உண்மை. ஏழை வீட்டுப் பிள்ளை என்பதனால் ஓங்கிய தடிக்கு நோ குறைந்துவிடுவதில்லை என்பது மற்றப் பாதி.

மே மாதம் முற்றியது. தொழிலாளர்களும் சேர்ந்தார்கள், எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 24ஆம் திகதி இரவு பாரிஸிலே பங்குச் சந்தைக் கட்டிடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அதே இரவிலே லியோன் நகரில் ஒரு பொலிஸ் அதிகாரி உயிரிழந்தார். பாரிஸில் ஓர் இளைஞன் இறந்தான். 29ஆம் திகதி குடியரசுத் தலைவர் டி கோல் எவருக்கும் சொல்லாமல் தலைநகரை விட்டுப் போய்விட்டார். ஜெர்மனியில் இருந்த பிரெஞ்சுப் படைத்தலைவரைக் காணப் போனார் என்பது பின்னர்தான் தெரிந்தது. நாளை யார் ஆட்சியில் இருப்பார் என்று எவருக்கும் தெரியாத நாள் அது.

அந்த நாளில், 1968 மே 29ஆம் திகதியில், கிறிமோ ஒரு கடிதம் எழுதினார். தமக்குக் கீழிருந்த பொலிஸார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினார். சுற்றறிக்கை அன்று, கடிதம். இந்த வேறுபாடு சிறிதன்று. சுற்றறிக்கை சுவரிலே தொங்கும். கடிதம் சட்டைப்பையிற் கிடக்கும்.

நாம் பேசாமல் விட்டுவிட உரிமையில்லாத ஒரு பொருளைப் பற்றிப் பேசப்போகின்றேன் என்று தொடங்குகின்றார். அப்பொருள் பலப்பிரயோகத்தில் எல்லை மீறல். இதனை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளாவிட்டால் தெருவிலே நாம் வெற்றி பெறலாம். ஆனால் அதனிலும் விலையுயர்ந்த ஒன்றை, நம்முடைய நற்பெயரை, இழந்துவிடுவோம் என்கின்றார். உங்களிற் பெரும்பாலோர் சில முறைகளை வெறுக்கின்றீர்கள் என்பதை அறிவேன் என்று அவர்களுடைய மானத்தைக் காக்கின்றார். அதனோடு, எவரும் ஏற்றுக்கொள்ள முடியாத செயல்கள் நடந்திருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும் என்று ஒளிக்காமற் சொல்லுகின்றார். கல்லெறிந்து எதிர்க்கின்றவர்களை விலக்கும்போது முதல் மோதலிலே வேகம் இருக்கும். அது தவிர்க்க முடியாதது. ஆனால் அந்தக் கணம் கழிந்ததும் உடனே தம்மைத் தாம் அடக்கிக்கொள்ள வேண்டும் என்கின்றார்.

பின்னர் வருவதுதான் பலரும் நினைவிற் கொண்டிருக்கும் பகுதி. கீழே விழுந்துகிடக்கும் ஆர்ப்பாட்டக்காரனை அடிக்கின்றவன் தன்னையே அடித்துக்கொள்கின்றான் என்பது அதன் சாரம். பிடிபட்டவனைப் பொலிஸ் நிலையத்துக்குள்ளே வைத்து அடிப்பது அதனிலும் பாரதூரமானது என்றும் எழுதினார். முறையற்ற அடி ஒவ்வொன்றுக்கும் பழிவாங்க அவனுடைய தோழர் பலர் எழுவர், அந்த ஏற்றத்துக்கு எல்லை இல்லை என்றும் எழுதினார். நான் சொல்வது சிலருக்குப் பிடியாது என்று அறிந்தே சொல்கின்றேன் என்பதும் அதில் உண்டு.

இதிலேயும் ‘நாம்’ வருகின்றது. முன்னவர் சொன்ன அதே உளப்பாட்டுத் தன்மை. அங்கே ‘நாம்’ பழியைப் பங்கிட்டுக் கொடுத்தது. இங்கே மானத்தைப் பங்கிட்டுக் கொடுக்கின்றது. ஒரே சீருடைக்கு, ஒரே ஆசனத்திலிருந்து, ஏழாண்டு இடைவெளியில் இரண்டு சொற்கள் போயின.

கடிதம் ஒன்றினாலே பாரிஸ் தப்பியது என்று சொல்ல நான் துணியேன். அது எழுதப்பட்டபோது கலகம் தொடங்கி நாலு கிழமையாகப் போகின்றது. பெருமோதல்கள் பல முடிந்துவிட்டன. அதற்கு முன்னே தெருவிலும், பொலிஸ் வண்டிகளுக்குள்ளேயும், பிடிபட்டவர்களை வைத்திருந்த போஷோன் என்ற பழைய வைத்தியசாலைக் கட்டிடத்திலும் அடிபட்டவர்களுடைய வாக்குமூலங்கள் இருக்கின்றன. கடிதமே அதற்கு ஒப்புதல். ஆயினும் அது மாத்திரம் அவர் செய்த வேலை அன்று. மாணவர் தலைவர்களோடு பேசும் வழியை அவர் எந்நாளும் அடைத்துவிடவில்லை. தாமே தெருவுக்குப் போய் நின்றார், மாணவர்களோடு வாதாடினார். பாரிஸ் வீதிகளிலே அந்த மே மாதம் முழுவதும் ஒருவரும் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியாகவில்லை. வெளியூர்களிலே யூன் மாதத்தில் அவ்வாறு அமையவில்லை என்பதையும் சொல்லவேண்டும்: 10ஆம் திகதி பொலிஸ் படைக்கு அஞ்சி ஓடிய ஒரு பள்ளி மாணவன் ஆற்றிலே மூழ்கி இறந்தான், மறுநாள் சோஷோ என்ற இடத்து மோட்டார்த் தொழிற்சாலையில் இரண்டு தொழிலாளர் உயிரிழந்தார்கள்.

இவற்றையெல்லாம் வாசித்து முடித்தபின்பே என் மாணவருடைய முதற்கேள்விக்கு விடை எனக்குத் தோன்றியது. ஊர்காப்பாளரைத் தேடி மதுரைக்காஞ்சிக்குப் போனேனே, அதே மதுரையிலே, நாங்கள் இருவரும் சேர்ந்து படித்த சிலப்பதிகாரத்திலே அவன் நிற்கின்றான். இரண்டு இடத்தில் நிற்கின்றான்.

கொலைக்களக் காதையிலே பாண்டியன் அரசியின் ஊடல் தீர்க்க அந்தப்புரத்துக்கு விரைந்துகொண்டிருக்கின்றான். பொற்கொல்லன் வந்து கள்வன் அகப்பட்டான் என்கின்றான். அரசன் ஆராயவில்லை, நடந்தபடியே காவலருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகின்றான். காவலர் போய்க் கோவலனைக் காண்கின்றார்கள். கண்டதும் தயங்குகின்றார்கள், இவன் கொலை செய்யப்படத் தக்கவன் அல்லன் என்று சொல்லவுஞ் செய்கின்றார்கள். அந்தக் காவலர்களை நாம் வகுப்பிலே கவனிப்பதில்லை, பொற்கொல்லனிடம் ஓடிவிடுகின்றோம். தயக்கம் நீளுகின்றது, பேச்சு வளருகின்றது. அதற்குள்ளே கல்வியில்லாதவனும் கள்ளுண்டு களித்தவனுமான ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். தயங்கியவர்களுக்குப் பிடித்துக்கொள்ள அரசனிடமிருந்து ஒரு சொல்லும் வந்திருக்கவில்லை. வாள் வீசியவனுக்கு வந்திருந்த சொல் போதுமாயிருந்தது.

அடுத்தவன் வழக்குரை காதையின் வாயிற்காவலன். தலைவிரி கோலமாய், கையில் ஒற்றைச் சிலம்போடு, நீதி கேட்டு ஒருத்தி அரண்மனை வாயிலுக்கு வருகின்றாள். அரசனை இகழ்ந்து பேசுகின்றாள். காவலன் நடுங்குகின்றான், கொற்றவையோ, காளியோ என்று தோன்றுமளவுக்கு நடுங்குகின்றான். ஆயினும் கையில் இருந்த கோலை ஓங்கவில்லை, துரத்தவுமில்லை. அவளுடைய சொல்லை உள்ளே கொண்டுபோய், தான் கண்டபடியே அரசனுக்குச் சொல்லி, வழிவிடுகின்றான். முப்பதாண்டாக இந்தப் பகுதியைப் படிப்பித்து வருகின்றேன். வாயிற்காவலன் அரசனை வாழ்த்தும் பகுதியின் நயத்தைச் சொல்லுவேன், உவமையைச் சொல்லுவேன். அவன் செய்யாமல் விட்ட செயலை ஒருநாளும் சொன்னதில்லை.

மாசி மாதம் மாணவர் மறுபடியும் லீவில் வந்தபோது, கிறிமோவின் கடிதத்தை என்னாலியன்ற தமிழில் எழுதி வைத்திருந்தேன். வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"நல்ல கடிதம், ஐயா. ஆனால் பிந்தி வந்திருக்கிறது," என்றார்.

"பிந்தித்தான் வந்தது."

"எழுதினவர் மேலதிகாரி. கல் பட்டது எங்களைப் போன்றவர்களுக்கு. எங்களுக்குக் கல் முன்னாலிருந்து வருகிறது, உத்தரவு பின்னாலிருந்து வருகிறது. இப்படி ஒரு கடிதமும் பின்னாலிருந்துதான் வரவேண்டும். நான் முன்னுக்கு நிற்கிறவன். எனக்குப் பின்னால் ஒருவரும் இப்படி எழுதவில்லை."

"உமக்குப் பின்னால் எவரும் இல்லையா, தம்பி?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. "உம்முடைய நிலையத்திலே உமக்குக் கீழே எத்தனை கொன்ஸ்தாபிள்மார்?"

"பதினான்கு பேர்," என்றார்.

அதன்பின் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. வாயிற்காவலனைப் பற்றி நான் ஆயத்தஞ் செய்து வைத்திருந்த விளக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன்; அவர் அதற்குள் கடிதத் தாளை மடியில் விரித்துவிட்டார்.

"ஐயா, அவர்களிற் பதின்மூன்று பேர் சிங்களப் பிள்ளைகள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. இதைச் சிங்களத்தில் எழுதவேண்டும்."

என் சிங்களம் கடைத்தெருவுக்கே போதாது. அவருடைய சிங்களம் நல்லது என்றார். ஆனால் எழுத்து வழக்கிலே பிழை வரக்கூடும் என்றும் அஞ்சினார். நான் தமிழிலே ஒவ்வொரு வாக்கியமாகப் பொருள் சொல்ல, அவர் மாணவராயிருந்த காலத்தைப்போலக் குனிந்திருந்து எழுதினார். ‘நற்பெயர்’ என்ற சொல்லுக்கு இரண்டு சிங்களச் சொல் எழுதி, ஒன்றை வெட்டினார். விழுந்து கிடப்பவனைப் பற்றிய வாக்கியம் வந்ததும் பேனா நின்றது. நான் அடுத்ததைச் சொல்லாமற் காத்திருந்தேன். உள்ளே என் மனைவி விளக்கேற்றும் ஓசை கேட்டது. பிறகு அந்த வாக்கியத்தை எழுதி முடித்து, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று எழுந்தார்.